ரேம் பழுதா, வேறெங்காவது கோளாறா? கண்டறியும் முறையும் மாற்று ரேம் தேர்வும்

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது: ஐ5-10400 செயலி, எச்410 மதர்போர்டு, தொடக்கத்திலிருந்தே இருந்த 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒன்று, பிறகு தனியாக வாங்கிச் சேர்த்த 8 ஜிபி ரேம் இன்னொன்று. சில வாரங்களாக ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்ற குறிப்புடன், விண்டோஸ் திடீரென்று நின்றுபோகும்போது தோன்றும் நீலத்திரை வருகிறது. குரோமில் திறந்திருக்கும் பக்கங்கள் திடீரென்று செயலிழக்கின்றன. ஜிப் கோப்புகளைப் பிரித்தால் கோப்பு பழுது என்கிறது. வந்து பார்த்த மெக்கானிக் இரண்டு ரேமையும் மாற்றிவிடச் சொல்கிறார். எதை வாங்கலாம் என்று கேட்கிறீர்கள்.

எதை வாங்குவது என்பதற்கு முன்னால் எது பழுது என்பதை முடிவு செய்தாக வேண்டும். வெவ்வேறு காலத்தில் வாங்கிய இரண்டு ரேம்கள் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது அரிது. தனித்தனியாகச் சோதித்தும் இரண்டுமே பிழை காட்டினால், அவை செருகப்பட்டிருக்கும் மதர்போர்டு, செயலி, எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி) ஆகியவற்றின் மீதுதான் முதலில் சந்தேகம் எழ வேண்டும். 2025-இன் கடைசி மாதங்களிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கும் நிலையில், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் மாற்றுவது பணத்தை வீணாக்குவதோடு, உண்மையான காரணம் வேறெங்காவது இருந்தால் அதே நீலத்திரையைப் புதிய ரேமோடும் காண வைக்கும்.

இன்னொன்றை உடனடியாகச் சொல்ல வேண்டும். பழுது உறுதியாகும்வரை அந்தக் கணினியில் முக்கியமான வேலை எதையும் செய்யாதீர்கள். வட்டிலிருந்து படிக்கப்படும் ஒவ்வொரு பைட்டும், அதில் எழுதப்படும் ஒவ்வொரு பைட்டும் ரேம் வழியாகவே போகின்றன. ரேமில் ஒரு பிட் மாறிவிட்டால், மாறிய அந்தத் தரவையே கணினி சரியானது என்று நம்பி வட்டில் எழுதிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. ஆகவே இந்த நிலையில் விண்டோஸை மீண்டும் நிறுவுவது, வட்டுப் பிழை திருத்தும் கருவியை ஓட்டுவது, ஏற்கெனவே இருக்கும் நல்ல காப்புப் பிரதியின் மேல் புதிய பிரதியை எழுதுவது ஆகிய மூன்றும் கூடாது. கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பிப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. காப்புப் பிரதியே எடுக்கவில்லை என்றால், வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்து எடுப்பது நல்லது.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ரேமைச் சுட்டுவது உண்மைதான் என்றாலும், அந்த நீலத்திரைக் குறிப்பு ரேமுக்கு மட்டுமே உரியது அன்று. மோசமாக எழுதப்பட்ட டிரைவர் (வன்பொருளை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்) ஒன்று நினைவகத்தின் பதிவேடுகளைக் குழப்பினாலும் அதே குறிப்பு வரும். நீலத்திரைகள் எப்போதும் ஒரே டிரைவர் கோப்பின் பெயரைக் காட்டினால் அந்த டிரைவரைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு குறிப்பு, வெவ்வேறு கோப்பு என்று தொடர்பில்லாமல் வந்தால் ரேமைச் சந்தேகிக்கலாம். உங்கள் ஜிப் கோப்பும் நல்ல தடயம். அதே கோப்பைச் சில முறை பிரித்துப் பாருங்கள். எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் கோப்பே பழுதாக இறங்கியிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால், அல்லது ஒருமுறை ஒழுங்காகப் பிரிந்து மறுமுறை பிரியாமல் போனால், தரவு வழியில் எங்கோ மாறுகிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் இடையில் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும் என்பது இதில் பலர் கவனிக்காத நுணுக்கம். ஒருமுறை படித்த கோப்பை விண்டோஸ் ரேமிலேயே வைத்திருந்து அடுத்த முறை அதையே எடுத்துக் கொடுக்கும் என்பதால், மறுதொடக்கம் இல்லாமல் செய்தால் ரேமில் பழுதாக நிற்கும் பிரதியே திரும்பத் திரும்ப வந்து, கோப்புதான் பழுது என்ற தவறான முடிவுக்கு உங்களைக் கொண்டுபோய்விடும்.

அடுத்தது செலவில்லாத வேலை. பயாஸுக்குள் போய் அமைப்புகளை எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள். உங்கள் எச்410 பலகையில் ரேமின் வேகத்தைக் கூட்டிவைக்க இடம் மிகக் குறைவு. ஆனால் இதைப் படிக்கும் வேறு சிலரிடம் எக்ஸ்எம்பி இயக்கிய பலகை இருக்கலாம். எக்ஸ்எம்பி என்பது ரேம் தயாரிப்பாளர் தன் சரக்கைச் சோதித்து எழுதிவைத்த உயர்வேக அமைப்பு. அந்த வேகத்தை உங்கள் செயலியில் உள்ள, ரேமை இயக்கும் நினைவகக் கட்டுப்படுத்தியும் தாங்கும் என்று எவரும் உறுதி தரவில்லை. எக்ஸ்எம்பியை அணைத்ததும் பிழைகள் நின்றுவிட்டால் ரேம் நன்றாகவே இருக்கக்கூடும். வேகத்தை ஒரு படி குறைத்து வைத்து அதையே பயன்படுத்தலாம்.

பிறகு கழற்றி மாட்டுதல். மின்கம்பியை உருவி, பவர் பட்டனைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்து எஞ்சியிருக்கும் மின்னேற்றத்தை வெளியேற்றுங்கள். கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு, ரேமை விளிம்புகளில் மட்டும் பிடித்து எடுங்கள். கடைகளில் பென்சில் ரப்பரால் அதன் தங்க முலாம் பூசிய பற்களைத் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வைத்தியம் பல நேரங்களில் பலிக்கவும் செய்கிறது, ஏனென்றால் தூசியும் ஈரக்காற்றும் படிந்து தொடர்பு கெடுவது நம் ஊர்களில் சாதாரணம். ஆனாலும் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை: தங்க முலாம் மிக மெல்லியது, ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதிய தொல்லை, தேய்ப்பதால் நிலைமின்னூட்டமும் உண்டாகிறது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுபடாத துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டுச் செருகுவது போதும். ஸ்லாட்டைத் தூரிகையால் அல்லது காற்றூதியால் சுத்தம் செய்யுங்கள். செருகும்போது இரு முனைகளும் சமமாக இறங்கிக் கொக்கி ‘டக்’ என்று விழ வேண்டும். ஒருபுறம் மட்டுமே கொக்கி உள்ள பலகைகளில் கொக்கியில்லாத முனை அரைகுறையாக நின்றுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

இதன் பிறகும் கோளாறு தொடர்ந்தால் முறையான சோதனை. விண்டோஸிலேயே ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ என்ற கருவி இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரைத் தட்டினால் வரும். மறுதொடக்கத்துக்குப் பின் சோதனை ஓடும்போது எஃப்1 விசையை அழுத்தி ‘எக்ஸ்டெண்டட்’ என்ற விரிவான சோதனைக்கு மாற்றிக்கொள்ளலாம். அது பிழை இருக்கிறது என்றால் நம்பலாம். பிழை இல்லை என்றால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது, ஏனென்றால் விட்டுவிட்டு வரும் பிழைகளை அது தவறவிடுவதுண்டு. உறுதியான சோதனைக்குப் பெரும்பாலோர் நாடுவது மெம்டெஸ்ட்86, மெம்டெஸ்ட்86+ என்ற இரண்டு. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் தனித்தனிக் கருவிகள். முன்னது பாஸ்மார்க் நிறுவனத்துடையது. அதன் இலவசப் பதிப்பு நான்கு சுற்றுகளோடு நின்றுவிடும். பின்னது திறமூல மென்பொருள். 2022-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) கணினிகளிலும் ஓடுகிறது. எதை எடுத்தாலும் வேறொரு நல்ல கணினியில் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, அதிலிருந்து உங்கள் கணினியைத் தொடங்குங்கள். சந்தேகத்துக்குரிய கணினியிலேயே அந்தப் பென்டிரைவைத் தயாரித்தால் சோதனைக் கருவியே பிழையோடு எழுதப்படலாம். 16 ஜிபிக்குப் பல மணிநேரம் பிடிக்கும் என்பதால் இரவில் ஓடவிடுவது வசதி. யுபிஎஸ் இருந்தால் இணைத்துக்கொள்ளுங்கள்.

முடிவைப் படிப்பதில் ஒரு கண்டிப்பு வேண்டும்: நல்ல ரேமில் பிழை எண்ணிக்கை பூஜ்யம். ‘மணிக்கணக்கில் ஓடி ஒரே ஒரு பிழைதானே’ என்று விட்டுவிட முடியாது. இதற்கு விலக்கு ஒன்றே ஒன்று. மெம்டெஸ்ட்86-இன் 13-ஆவது சோதனை, நினைவகத்தின் ஒரு வரிசையை இடைவிடாமல் தட்டி, பக்கத்து வரிசையில் உள்ள பிட்டுகள் மாறுகின்றனவா என்று பார்ப்பது; ரோஹேமர் என்ற பெயரில் 2014-இல் ஆய்வாளர்கள் விரிவாக விளக்கிய குறைபாடு அது. மற்றச் சோதனைகள் எல்லாம் தேறி இதில் மட்டும் பிழை வந்தால், அன்றாடப் பயன்பாட்டில் நீங்கள் காணும் நீலத்திரைக்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. பிழை விழும் முகவரிகளையும் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே முகவரி, அதே பிட் என்றால் ஒரு சிப்பில் சில செல்கள் செத்துவிட்டன. முகவரிகள் இங்கும் அங்கும் சிதறி, சுற்றுக்குச் சுற்று மாறினால் வேகம், மின்னழுத்தம், ஸ்லாட், எஸ்எம்பிஎஸ் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும்.

பிழை வந்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பிரித்தறியும் வேலை. இரண்டாவது ரேமை வெளியே எடுத்துவிட்டு, பழைய ரேமை மட்டும் ஒரு ஸ்லாட்டில் வைத்துச் சோதனையை முழுமையாக ஓட்டுங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் இரண்டாவது ரேமை மட்டும். ஒன்று தேறி மற்றொன்று தோற்றால், தோற்ற ரேமை அடுத்த ஸ்லாட்டிலும் ஒருமுறை வைத்துப் பாருங்கள். அங்கும் தோற்றால் அந்த ரேம் பழுது என்பது உறுதி. இரண்டும் முதல் ஸ்லாட்டில் தேறி, இரண்டாவது ஸ்லாட்டில் எதை வைத்தாலும் பிழை வந்தால் ரேமை விட்டுவிடுங்கள், ஸ்லாட்டைப் பிடியுங்கள். மூன்றாவதாக ஒரு நிலை உண்டு, அதுதான் மெக்கானிக்குகளைக் குழப்புவது: தனித்தனியாக இரண்டும் எந்த ஸ்லாட்டிலும் தேறுகின்றன, சேர்த்துப் போட்டால் மட்டும் பிழை. அப்போது இரண்டுமே நல்லவை. ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். பயாஸில் ரேமின் வேகத்தை 2400-க்கு (நொடிக்கு எத்தனை மில்லியன் முறை தரவு போகிறது என்ற அளவு) இறக்கிப் பார்த்து, அதிலும் தீரவில்லை என்றால் மட்டும் ஒன்றை மாற்றலாம்.

ஸ்லாட் மீது சந்தேகம் வந்தால் மதர்போர்டையே தூக்கிப் போடவும் அவசரம் வேண்டாம். உங்கள் செயலி அமரும் எல்ஜிஏ1200 சாக்கெட்டில் பின்கள் பலகையின் பக்கம் இருக்கின்றன. நினைவகக் கட்டுப்படுத்தி செயலிக்குள் இருப்பதால், அந்தப் பின்களில் ஒன்று வளைந்தாலும், கூலரின் திருகுகளை ஒருபுறம் மட்டும் இறுக்கி அழுத்தம் சமமில்லாமல் போனாலும், ஒரு ஸ்லாட் முழுவதும் வேலை செய்யாதது போலத் தோன்றும். அண்மையில் கூலரைக் கழற்றித் தெர்மல் பேஸ்ட் மாற்றியிருந்தால் முதலில் அதைச் சரிபாருங்கள். கேபினெட்டோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட மலிவான எஸ்எம்பிஎஸ் என்றால், நண்பரிடமிருந்து நல்லதொன்றைக் கடன் வாங்கி மாட்டி ஒரு சுற்றுச் சோதிப்பது புதிய ரேம் வாங்குவதைவிட எவ்வளவோ சிக்கனம்.

ரேம் அப்படியெல்லாம் கெடுமா என்று கேட்பவர்களுக்காக ஒரு தகவல். கூகுளின் சேவையகங்களை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் அதிகமான ரேம்கள் ஒரு பிழையையாவது காட்டியதாகவும், அதுவரை கருதப்பட்டதைவிட வன்பொருள் பழுதின் பங்கு அதிகம் என்றும் கண்டது. சேவையகங்களில் இசிசி என்ற பிழைதிருத்த வசதி இருப்பதால் அவை எண்ணப்பட்டன. நம் வீட்டுக் கணினிகளில் அந்த வசதி இல்லாததால் பிழைகள் எண்ணப்படுவதே இல்லை.

இனி வாங்குவது. நல்ல நிலையில் உள்ள ரேமின் லேபிளை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் ‘8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2666வி-யூஏ2-11’ என்பது போல ஒரு வரி இருக்கும். அந்த வரியில் தேவையான எல்லாம் அடங்கியிருக்கிறது. பிசி4 என்றால் டிடிஆர்4. 2666 வேகம், அதை ஒட்டிய ‘வி’ என்ற எழுத்து சிஎல்19 என்ற தாமத அளவைக் குறிப்பது. 2400-க்குப் பின் ‘டி’ வந்தால் சிஎல்17, 3200-க்குப் பின் ‘ஏஏ’ வந்தால் சிஎல்22. அடுத்து வரும் ‘யூ’ சாதாரண மேசைக்கணினி ரேம். அந்த இடத்தில் ‘எஸ்’ இருந்தால் மடிக்கணினிக்கானது, ‘ஆர்’ இருந்தால் சேவையகத்துக்கானது. பழைய சேவையகங்களிலிருந்து கழற்றிய ‘ஆர்’ வகை ரேம் இணையத்தில் வியப்பூட்டும் விலைக்குக் கிடைக்கும். உங்கள் ஸ்லாட்டில் அது அழகாக உட்காரும், கணினிதான் தொடங்காது. 1ஆர்எக்ஸ்8 என்பது சிப்புகளின் அமைப்பு. 8 ஜிபியில் 1ஆர்எக்ஸ்16 என்றும் ஒன்று வருகிறது. எட்டுச் சிப்புக்குப் பதில் நான்கே சிப் உள்ள அது வேலை செய்யும், ஆனால் உள்ளமைப்பில் தரவுக் குழுக்கள் பாதியாக இருப்பதால் சற்று மந்தம். விலை வித்தியாசம் சிறிதென்றால் எக்ஸ்8-ஐயே கேட்டு வாங்குங்கள்.

வேகம் பற்றி விளம்பரங்கள் உங்களைக் குழப்பும். ஐ5-10400 செயலியின் அதிகாரபூர்வ வரம்பு 2666. எச்410 பலகையில் அதைத் தாண்ட வழியில்லை. 3600 என்று பெரிதாக அச்சிட்ட, வண்ண விளக்கு மினுக்கும் ரேமை வாங்கி மாட்டினாலும் 2666-க்கு மேல் ஓடாது. அதைவிட மோசமாகவும் நடக்கலாம். அத்தகைய ரேம்களில் எழுதியிருக்கும் வேகம் எக்ஸ்எம்பி அமைப்பில் மட்டுமே இருக்கும். எக்ஸ்எம்பி இல்லாமல் பலகை படிக்கும் அடிப்படை அமைப்பு பலவற்றில் 2133 அல்லது 2400 தான். அதிக விலை கொடுத்து வாங்கிய ரேம், ஏற்கெனவே உள்ள 2666 ரேமையும் தன்னோடு சேர்த்துக் கீழே இழுத்துவிடும், ஏனென்றால் இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே ஓட வேண்டும். மாறாக, ஆரவாரமில்லாத 3200 சிஎல்22 ரேமில் 3200 என்பதே அடிப்படை வேகம் என்பதால், உங்கள் கணினியில் தானாகவே 2666-க்கு இறங்கிச் சரியாக நிற்கும். ஆகவே, ஒரு ரேம் மட்டும் பழுது என்றால் என் பரிந்துரை: 8 ஜிபி, டிடிஆர்4, 1.2 வோல்ட், 2666 சிஎல்19 அல்லது 3200 சிஎல்22, 1ஆர்எக்ஸ்8. நிறுவனம் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கொள்ளளவும் சிப் அமைப்பும் ஒன்றாக இருந்தால் இரட்டைச் சேனலில் (இரண்டு ரேமையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறை) சிக்கல் வர வாய்ப்பு குறைவு. உங்கள் செயலியின் உள்கட்டமைந்த கிராஃபிக்ஸும் இதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது என்பதால், ஒரே 16 ஜிபி ரேமைவிட இரண்டு 8 ஜிபி உங்களுக்குப் பயன் தரும்.

வேறு கணினி வைத்திருப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவற்றில் வெட்டின் இடம் மாறுபடும். ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் சேராது, அழுத்திப் பார்க்கவும் கூடாது. இன்டெலின் நான்காம் தலைமுறை மடிக்கணினிகளுக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் தேவை, 1.5 வோல்ட் டிடிஆர்3 செருகினால் உட்காரும், கணினி தொடங்காமல் போகலாம். பழைய இன்டெல் பலகைகளுக்கு 8 ஜிபி டிடிஆர்3 மிக மலிவாகக் கிடைத்தால், ‘ஏஎம்டிக்கு (இன்டெலின் போட்டி நிறுவனம்) மட்டும்’ என்று சிறிய எழுத்தில் எங்காவது போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். டிடிஆர்5 வாங்குபவர்கள், சிப்புக்குள்ளேயே பிழைதிருத்தம் இருக்கிறது என்பதை முழுமையான இசிசி என்று நினைத்துவிடக் கூடாது. சிப்புக்கும் செயலிக்கும் இடையிலான வழியை அது காப்பதில்லை. நான்கு ரேம் போடும் ஆசையையும் அடக்கிக்கொள்ளலாம்: ரைசன் 7000 வரிசைச் செயலிகளுக்கு இரண்டு ரேமில் 5200 என்று வரம்பு சொல்லும் ஏஎம்டி, நான்கு போட்டால் 3600 என்கிறது. புதிய டிடிஆர்5 மாட்டியதும் முதல் தொடக்கத்தில் திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கக்கூடும். கணினி ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது, மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள்.

கடைக்குப் போவதற்கு முன் பழுதான ரேமின் உத்தரவாதத்தைப் பாருங்கள். பெயர்பெற்ற நிறுவனங்கள் பலவும் ரேமுக்கு நீண்டகால உத்தரவாதம் தருகின்றன. சில, ‘வாழ்நாள்’ என்றே சொல்கின்றன. பில்லும், ரேமின் மீதுள்ள வரிசை எண் ஸ்டிக்கரும், பிழை காட்டும் சோதனைத் திரையின் படமும் இருந்தால் பேச்சு எளிதாகும். ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். ஜோடியாக வாங்கியது என்றால் இரண்டையும் சேர்த்து அனுப்பச் சொல்லக்கூடும். சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தையில் வாங்குவதானால் ஜிஎஸ்டி பில் இல்லாத ரேமை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். பழையதைத் துடைத்துப் புதிய ஸ்டிக்கர் ஒட்டித் தருவதைப் பில் ஒன்றுதான் கொஞ்சமாவது தடுக்கும். வீட்டுக்கு வந்ததும், ரேமின் விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் கருவியின் எஸ்பிடி பக்கத்தில் தயாரிப்பாளர் பெயரும் அளவும் லேபிளோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அதில் மெமரி பக்கத்தில் வேகம் 1333 என்று தெரிந்தால் பதற வேண்டாம். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போவதால் 2666-இன் பாதியைத்தான் அது காட்டுகிறது.

புதிய ரேமும் பழுதாக வரலாம் என்பதால், கடையில் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் மெம்டெஸ்ட்86-ஐ நான்கு சுற்றும் ஓட்டிவிடுங்கள். அது பூஜ்யம் காட்டிய பிறகே விண்டோஸின் கோப்புச் சரிபார்ப்பையும் வட்டுச் சரிபார்ப்பையும் ஓட்டலாம். நீலத்திரை தொடங்கிய நாளிலிருந்து நீங்கள் சேமித்த ஆவணங்களையும் கேமராவிலிருந்து ஏற்றிய படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். திறக்காதவற்றுக்கு மூலப் பிரதி கேமராவின் அட்டையிலோ மின்னஞ்சலிலோ இன்னும் இருக்கலாம், ஆகவே அந்த அட்டையை அதுவரை அழிக்காமல் வைத்திருங்கள்.